சிப்பை வாங்கு பேராண்டி, பாதை எதுக்கு?

வாடா பேராண்டி, உக்காரு. பெங்களூருல ரேடார் போர்டு செய்யுற கம்பெனியில வேலை கெடச்சிருச்சாம்ல! பேகம்பூர் முழுக்க உங்கம்மா சொல்லி முடிச்சுட்டா. பெரிய பள்ளிவாசல் பக்கம் டீ குடிக்கப் போனா, டீ மாஸ்டர் எனக்கே வெளக்கம் சொல்றாரு. சிக்னல் ப்ராசசர் சிப் ஒண்ணு பத்தாதாம், 16 வாங்கி அடுக்கப் போறியாம், வேகம் 16 மடங்கு ஏறுமாம். பலே! டெலிபோன் டிபார்ட்மெண்டுல கம்பம் ஏறி ரிட்டையர் ஆன கெழவன், எனக்கென்ன தெரியும்? இருந்தாலும் கேட்டுக்க, நாலு புத்தி சொல்றேன்.

மொத புத்தி: இருக்குற காசை எல்லாம் சிப்புலயே போடு. ஒண்ணுக்கொண்ணு எப்படிப் பேசிக்கும்னு மட்டும் கேட்டுறாத. 16 சிப்பையும் நேரடியா இணைக்க 120 கம்பி வேணும். இழுத்துக்கலாம், செம்பு என்ன, வெல கொறச்சல்தானே! டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்காரன் சி40-ன்னு ஒரு சிப் விட்டான். கூட்டாளிங்களோட பேசுறதுக்குன்னே அதுல 6 வாசல் வச்சான். ஆறு பேருக்கு மேல சொந்தம்னா, பக்கத்து வீட்டுக்காரன்கிட்டக் குடுத்து அங்கிட்டு அனுப்பச் சொல்லணும். நடுவுல மாட்டுன சிப்பு தன் கணக்கை விட்டுட்டு, ஊரான் கடுதாசியச் சுமந்துக்கிட்டு அலையும். அது கெடக்கட்டும், நீ சிப்பை வாங்கு.

ரெண்டாவது புத்தி: ஆளுக்கொரு பாதையப் பட்டா போட்டுக் குடுத்துரு. எங்க காலத்து ட்ரங்க் கால் அப்படித்தான். மெட்ராஸுக்கு லைன் கெடச்சு, மாமனும் மச்சானும் கோவத்துல பேசாம நின்னாக்கூட, ரிசீவரை வைக்கிற வரைக்கும் அந்த லைன் அவங்களுக்குத்தான். அடுத்தவன் காத்துக் கெடப்பான். கம்ப்யூட்டர் பேச்சோ விட்டு விட்டு வர்ற பேச்சு. ஒரு நேரம் கொட்டும், ஒரு நேரம் ஊமை. 1960-கள்ல அமெரிக்காவுல பால் பேரன், இங்கிலாந்துல டொனால்ட் டேவிஸ்னு ரெண்டு பேரு, தனித்தனியா உக்காந்து இதுக்கு வழி கண்டாங்க. சேதியத் துண்டு துண்டா வெட்டு, ஒவ்வொரு துண்டு தலையிலயும் விலாசம் எழுது, எந்த லைன் சும்மா இருக்கோ அதுல தள்ளு. அதான் பாக்கெட்டு. இது தெரியாமலே நீ ரேடார் செய்யலாம், ஒண்ணும் குத்தமில்ல.

பாக்கெட்டை வழி பிரிச்சு அனுப்புற வேலைக்குன்னே பொறந்த சிப்பும் உண்டுடா. பிரிட்டனோட இன்மாஸ் கூட்டம் செஞ்ச சி104. 32 வழி, ஒவ்வொரு வழியிலயும் நொடிக்கு 100 மெகாபிட். பாக்கெட்டோட தலை வந்ததும் விலாசத்தப் படிச்சு வாசலத் தொறந்துரும். வால் வந்து சேரட்டும்னு காத்திருக்காது. கணக்குப் போடவே தெரியாது அதுக்கு, வழிவிட மட்டுந்தான் தெரியும். அதான் ஸ்விட்ச்.

மூணாவது புத்தி: ஸ்விட்ச்னா சீமைச் சரக்குதான் ஒசத்தின்னு நம்பு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் ஒரு ஸ்விட்ச்தான். 1984-ல ஆரம்பிச்ச நம்ம நாட்டு சி-டாட் கூட்டத்து ஆளுங்க சின்ன ஊருக்குன்னு 128 லைன் எக்ஸ்சேஞ்ச் செஞ்சு, 1986-ல கர்நாடகா கிட்டூருல நிறுத்துனாங்க. ஏசி கெடையாது, நம்ம வெயிலத் தாங்கி ஓடுச்சு. அதையெல்லாம் படிச்சு மனசக் கெடுத்துக்காத.

நாலாவதுக்கு ஊட்டி வரைக்கும் போகணும். முத்தோரையில ரேடியோ டெலஸ்கோப்பு ஒண்ணு நிக்குது பாத்திருக்கியா? கோவிந்த் சுவரூப் தலைமையில டாடா ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க 1970-ல முடிச்சது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவும் 11 டிகிரி, அந்த ஊரு அட்சரேகையும் 11 டிகிரி. அதனால ஒரே அச்சுல திருப்புனாப் போதும், வானத்தோட கூடவே போகும். அது நடுவுல 1056 ஆன்டெனாக் குச்சிங்க வரிசையா நிக்குது. அதை நாலு நாலாச் சேத்து, 264 தனித்தனிக் காதா மாத்த பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனமும் டாடாக்காரங்களும் எறங்குனாங்க. 264 காதுன்னா 34,716 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் பெருக்கல் போடணும்டா, அதுவும் வானம் பேசிக்கிட்டிருக்கும்போதே.

இதுல சிக்கல் பெருக்கல் இல்ல. நம்ம ஒட்டன்சத்திரம் சந்தைய நெனச்சுக்க. 264 சம்சாரி வண்டி கட்டி வர்றான், ஒவ்வொரு வண்டியிலயும் தக்காளி, முருங்கை, அவரைன்னு எல்லாம் கலந்து கெடக்கு. முருங்கை மண்டிக்காரனுக்கு 264 வண்டியில இருந்தும் முருங்கை வந்தாத்தான் கணக்கு. ஊட்டியிலயும் அதே கதைதான். ஒவ்வொரு காதும் நேரத்தைத் துண்டு போட்டுக் கொண்டு வருது. ஒரே நேரத்துத் துண்டு எல்லாக் காதுல இருந்தும் ஒரே கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரணும். அதனால அவங்க மூளையச் செலவழிச்சது பாதையிலதான். வேண்டிய மாதிரி மாத்தி அமைச்சுக்கிற எஃப்பிஜிஏ சிப்புங்களை ஒண்ணோட ஒண்ணு கோத்து, டேட்டா போற வழியிலயே பிரிச்சு, கூட்டி, தரம் பாத்து அனுப்புற மாதிரி வடிவமைச்சாங்க. கடைசித் தூரத்துக்கு மட்டும் கடையில கெடைக்கிற கிகாபிட் ஈதர்நெட்.

நீயோ, "பாக்கெட் தொலைஞ்சா திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம் தாத்தா"ன்னு சொல்லுவ. சொல்லு. சினிமா டவுன்லோடுக்கு அது சரி. ரேடாருல நீ திரும்பக் கேக்குற நேரத்துல விமானம் வேற ஊருக்குப் போயிருக்கும். 16 சிப்பும் ஒரே நேரத்துல ஒரே வாசலுக்கு அனுப்புச்சுன்னா, ஸ்விட்ச்சோட கொட்டடி ரொம்பி வழிஞ்சுரும். வரிசையில முன்னாடி நிக்கிற பாக்கெட்டு போக வேண்டிய வாசல் அடைச்சிருந்தா, பின்னாடி நிக்கிறதுக்கு வேற வாசல் தொறந்திருந்தாலும் நகர முடியாது. அப்ப என்ன செய்யணும் தெரியுமா? சாஃப்ட்வேர்காரன் மேல பழியப் போடணும், அதான் நாலாவது புத்தி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!

கெளம்பிட்டியா? போற போக்குல ஒண்ணக் கேட்டுட்டுப் போ. கம்பெனியில போய் உக்காந்த மொத நாளு, எந்தச் சிப்பு எந்தச் சிப்புக்கு, எவ்வளவு, எப்ப அனுப்பணும்னு ஒரு காகிதத்துல கட்டம் போட்டு எழுது. அதுக்கு அடக்கமா ஸ்விட்ச்சத் தேர்ந்தெடு. அப்புறமாப் பாரு, 4 சிப்பே போதும்னு ஆனாலும் ஆகும். இல்ல, கெழவன் பேச்சு எதுக்குன்னா, 64 சிப்பா வாங்கிப் போட்டுக்க. 63 சும்மா உக்காந்து ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கும், கரண்டு பில்லு மட்டும் அசராம வேலை செய்யும்.