எருக்குழிக்கு வந்த பட்டாளம்

என்ன பேராண்டி, கோழித் தீவன மூட்டையை இறக்கிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டு உக்காந்திருக்க? விலையைக் கேட்டதும் தொண்டை அடைச்சிருச்சா? அடைக்கும், அடைக்கும். வாசல்ல தீவனத்துக்குக் காசு குடுக்குற. கொல்லையில மிச்சச் சோத்தையும் அழுகின தக்காளியையும் அள்ளிட்டுப் போறவனுக்கும் காசு குடுக்குற. ரெண்டு பக்கமும் காசு விடுறவனை ஊருல பண்ணையார்ம்பாங்க. நான் வேற பேரு வச்சிருக்கேன், சபையில சொல்ல மாட்டேன்.

நேத்து எருக்குழியில புழுவைப் பாத்து 'ஐயே'ன்னு துள்ளுனியே, அது யாரு தெரியுமா? பி.எஸ்.எஃப். நானும் எல்லையில துப்பாக்கி புடிக்கிற பட்டாளம்னுதான் நெனச்சேன். விசாரிச்சா, 'பிளாக் சோல்ஜர் ஃப்ளை'யாம். கருப்புப் பட்டாள ஈ. அமெரிக்கப் பக்கத்துப் பிறவி. இப்ப வெயில் காயுற நாடெல்லாம் அதுக்குச் சொந்த ஊரு.

கடிக்காது. நம்ம சோத்துத் தட்டை மொய்க்காது. புழுவா இருக்கையில தின்னு சேத்த கொழுப்புலயே றெக்கை முளைச்ச பெறகு ஒரு வாரம்போல ஓட்டும். அதுக்குள்ள ஜோடி சேந்து, ஐந்நூறு முட்டைபோல இட்டுட்டுக் கண்ண மூடிரும். தன் கல்யாணத்துலயே பந்திக்கு உக்காராத ஜீவன்டா அது! நீ அடுத்தவன் கல்யாணத்துல மூணாம் பந்தி வரைக்கும் பாத்தவன்.

முட்டையைக் குப்பை மேல இடாது. பக்கத்துல காஞ்ச இடுக்கு தேடும். மிச்சச் சோத்தையும் அழுகினதையும் ஒரு தொட்டியில கொட்டு. அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, ஓட்டை தெரியுற துண்டா அதுக்கு மேல கட்டு. ரவையை ஒட்டி வச்ச மாதிரி கொத்தா இட்டிருக்கும். நாலு நாள்ல பொரியும். பெறகு ரெண்டு வாரம் காதை வச்சுக் கேளு, ஓலைக்கூரையில தூறல் விழுற சத்தம். எல்லாம் மெல்லுற சத்தம்தான். பெருத்துக் கறுத்ததும் காஞ்ச இடம் தேடித் தானா ஏறி வரும். சரிவா ஒரு பலகை சாத்தி, நுனிக்குக் கீழ வாளி வை, வந்து விழும். அதுதான் உன் கோழிக்குத் தீவனம். வயசு வந்ததும் வீட்டை விட்டுக் கிளம்புற புள்ள! உன்னைச் சொல்லல, நீ ஏன் நெளியுற?

காஞ்ச புழு 100 கிலோன்னா, ஏறத்தாழ 40 கிலோ புரதம், 30 கிலோ கொழுப்பு. ஐரோப்பாக்காரன் 2017-ல மீனுக்கும், 2021-ல கோழிக்கும் பன்றிக்கும் புழுப் புரதம் போடலாம்னு சட்டமே போட்டுட்டான். அவன் சொன்னாத்தான உனக்கு வேதம்! உங்க அப்பத்தா பானையில கிழிஞ்ச சாக்கையும் காஞ்ச சாணியையும் அடைச்சு, தண்ணி தெளிச்சு ராத்திரி கவுத்து வைப்பா. விடிஞ்சா கரையானை உதறிக் குஞ்சுக்குப் போடுவா. அவளுக்கு எவன் சட்டம் போட்டான்?

ஆனா ஒண்ணு. தொட்டியில தண்ணி தேங்கவிட்டா நாறும். புழுவும் ஊரைக் காலி பண்ணிரும். பூச்சிமருந்து பட்டதைப் போடாத. புழுவை மட்டுமே போட்டும் கோழி வளக்காத. கம்பு, சோளத்தோட கல. அடியில மிஞ்சுறதை மக்கவிட்டுத் தென்னைக்குத் தள்ளு.

இன்னும் அருவருப்பா? நாட்டுக்கோழிக் குழம்புன்னா ரெண்டாந்தரம் கேக்குற வாய்தான இது? அந்தக் கோழி என்ன தயிர்சாதம் தின்னா வளந்துச்சு? எந்திரிச்சுப் போயி அட்டைப்பெட்டியை எடுத்துட்டு வா.