கயிறு கட்டிய நீதிமன்றம்

சவுதி அரேபியாவில் நியாயமான விசாரணை கிடையாது என்று மனித உரிமைக்காரர்கள் ஓயாமல் புலம்புகிறார்கள். பாவம், அவர்கள் குத்துச்சண்டை பார்ப்பதில்லை போலும். 2024 மே 18 இரவு ரியாத்தின் கிங்டம் அரங்கில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும் பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் மோதினார்களே, அதைப் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்கள். அடடா, அந்த நான்கு கயிறுகளுக்குள்தான் எவ்வளவு நீதி!

எடை பார்த்தார்கள். கையுறையைச் சோதித்தார்கள். இருவர் மூலையிலும் தண்ணீர் கொடுக்க, காயத்துக்கு மருந்து வைக்க, காதில் யோசனை சொல்லத் தனித்தனி ஆட்கள். மருத்துவர் பக்கத்திலேயே. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி அடிமேல் அடி வாங்கிக் கயிற்றில் சாய்ந்து தள்ளாடியபோது நடுவர் பாய்ந்து உசிக்கைத் தடுத்தார், எண்ணிக்கை போட்டார், மணியும் அடித்தது. மூன்று நீதிபதிகளில் இருவர் உசிக் என்றார்கள், ஒருவர் ஃபியூரி என்றார். அந்த ஒருவரை நள்ளிரவில் யாரும் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சண்டை பிப்ரவரியில் நடந்திருக்க வேண்டியது. பயிற்சியில் ஃபியூரிக்குக் கண்ணுக்கு மேல் வெட்டுக் காயம். மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள். ஒரு வெட்டுக்கு மூன்று மாதம்! இந்த ராஜ்யத்துக்கா இரக்கமில்லை என்கிறீர்கள்?

கயிற்றுக்கு வெளியே? இலங்கையின் மூதூரிலிருந்து சவுதிக்கு வீட்டுவேலைக்குப் போன பெண் நினைவிருக்கிறதா? பிறப்புச் சான்றிதழ்படி கைதானபோது வயது 17. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பிய புண்ணியவான்கள் நம் பக்கத்துத் தரகர்கள். அவள் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்றாள், கொலை என்றார்கள். விசாரித்தபோது வக்கீல் இல்லை. அவள் தமிழில் சொன்னதை ஒழுங்காக மொழிபெயர்க்க ஆள் இல்லை. அவளது மூலையில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட யாரும் இல்லை. 2013 ஜனவரி 9 அன்று, அதே ரியாத் மாகாணத்தில், தலையை வெட்டினார்கள். குறுக்கே பாய்ந்து தடுக்க நடுவர் எவரும் வரவில்லை.

கருத்துச் சுதந்திரம்? அதுவும் கயிற்றுக்குள் ஏராளம். 2022 ஆகஸ்ட் 20, ஜித்தா. உசிக்கிடம் தோற்ற ஆண்டனி ஜோஷுவா பெல்ட்டுகளைத் தூக்கி வெளியே எறிந்தார், மைக்கை வாங்கி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பதினோரு நாள் முன்புதான், பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு சவுதிப் பெண்ணுக்கு ட்விட்டர் பதிவுகளுக்காக 34 ஆண்டு சிறை விதித்திருந்தார்கள். முதலில் கொடுத்தது ஆறே ஆண்டு. மேல்முறையீட்டில்தான் அது 34 ஆனது. பிறகு குறைத்தார்கள் என்பதையும் பெருந்தன்மைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதே ஆண்டு மார்ச்சில் ஒரே நாளில் 81 பேரைக் கொன்று முடித்திருந்தார்கள். அதற்கு டிக்கெட் விற்கவில்லை.

ரத்தத்தை விளையாட்டால் கழுவுகிறீர்களே என்று உலகம் கேட்டது. இளவரசர் முகமது பின் சல்மான் வெட்கப்படவில்லை. 2023-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு, அப்படிக் கழுவினால் நாட்டின் உற்பத்தி ஒரு சதவீதம் கூடுமென்றால் தொடர்ந்து கழுவுவேன் என்றார். கழுவுவதையும் லாபக் கணக்கில் எழுதத் தெரிந்த மனிதர். சம்பளம் வாங்கிய வீரர்களோ எங்களுக்கு அரசியல் தெரியாது என்கிறார்கள். கோடிக்கணக்கான டாலரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு 81 வரை எண்ணத் தெரியவில்லை.

தோற்ற ஃபியூரிக்கு நீதி மறுபடியும் கிடைத்தது. டிசம்பர் 21 அன்று, அதே அரங்கில், மறுபோட்டி. மறுபடியும் தோற்றார், மறுபடியும் பணம் வாங்கினார். அந்த 2024-இல் சவுதி அரசு மரணதண்டனை நிறைவேற்றியவர்கள் 300-க்கும் மேல்.

ஆகவே ரசிகப் பெருமக்களே, காசு கட்டி அடுத்த சண்டையையும் பாருங்கள், யார் தடுப்பது? விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று மட்டும் எங்களுக்குப் புத்தி சொல்ல வராதீர்கள். அந்தச் சண்டைகளை ஏற்பாடு செய்பவர் சவுதி அரசின் பொழுதுபோக்கு ஆணையத் தலைவர்.