தலையணைக் கணினியர்

மடிக்கணினியை மெத்தையிலும், மெத்தையின் மென்மை போதாதபோது அதன்மேல் இட்ட இலவம்பஞ்சுத் தலையணையிலும் இருத்தி வேலை பார்ப்போரைத் தலையணைக் கணினியர் என வகைப்படுத்தலாம். வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்யும் வழக்கம் 2020-இல் பரவியபோது இவ்வினமும் பல்கிப் பெருகியது. இவர் வீட்டில் மேசை இல்லை என்று கருதவேண்டா. மேசை உண்டு, அதன்மேல் இஸ்திரி போடவேண்டிய துணிகளும் உண்டு.

கணினி விமானம் கிளம்புவதுபோல் இரைகிறது என்பது இவரது நிலையான முறையீடு. இரைவது விசிறி. கணினியின் கணக்குகளையெல்லாம் போடும் சில்லாகிய செயலி உழைக்க உழைக்கச் சூடேற, உள்ளே சிறிதளவு நீரை வைத்து அடைத்த செப்புக் குழாயாகிய வெப்பக்குழாய் அச்சூட்டை ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்குக் கடத்த, விசிறி அடிப்புறத் துளைகள் வழியே காற்றை இழுத்துத் தகடுகளின் ஊடே ஊதி அதனை வெளியேற்றுகிறது. அத்துளைகளைத்தான் தலையணை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்றுக் கிட்டாத விசிறி மேலும் விரைந்து சுழல, சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் நிலையில் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது; வெப்ப வேகக்குறைப்பு எனப்படும் இந்நிகழ்வின்போது திரை தடுமாறக் கண்ட நம்மவர், இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டையிடுகிறார்.

பல கணினிகளின் கையேடுகள் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்கு மிகாத இடத்தில் இயக்குமாறு கூறுகின்றன. சென்னையின் கத்திரி வெயில் எந்தக் கையேட்டையும் படித்ததில்லை. அக்காலத்தில் இவரது வைத்தியம் உச்சத்தை அடையும். போன பொங்கலுக்கு ரயில் டிக்கெட் தேடிய பக்கம் உட்பட உலாவியில் திறந்து கிடக்கும் எதையும் மூடாமல், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றுக்கு இரண்டாக நிறுவி, அவை இரண்டும் சேர்ந்து செயலியை மேலும் வாட்டுவதை நோயின் முற்றலாகக் கொள்வார். கூலிங் பேட் எனப்படும் விசிறித் தட்டை வாங்கி, அதனையும் தலையணைமேல் வைப்பார். கணினியைச் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்றும் ஒருநாள் கேட்பார். குளிர்ந்த கருவியை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து மின்சுற்றைக் கெடுக்கக்கூடும் என்பதை அறியாமலேயே, மாவுப் பாத்திரத்துக்கே இடமில்லை என்று மறுத்துவிடும் இல்லத்தரசியார் கணினியின் ஆயுளை நீட்டிக்கிறார்.

இறுதியில் சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடையொன்றில் அடித்தட்டைக் கழற்றும்போது, விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே தூசு கம்பளித் துண்டாகத் திரண்டிருப்பதும், செயலியின் சூட்டை வெப்பக்குழாய்க்குச் சேர்ப்பிக்க இடையில் தடவிய வெப்பப்பசை காய்ந்து உதிர்வதும் தெரியவரும். அத்தூசில் பாதி தம் தலையணைப் பஞ்சு என்பதை ஏற்காத அவர், தொழிற்சாலையிலேயே அதனை வைத்து அனுப்பியிருக்க வேண்டும் என்பார். கடைக்காரர் மறுப்பதில்லை, அடுத்த கோடைக்கும் இவர் வருவார் என்பது அவருக்குத் தெரியும்.

இத்தகையவர் உங்கள் இல்லத்திலும் இருப்பின், வாதிட வேண்டா. அவர் காபி குடிக்க எழும் வேளையில் தலையணையை உருவிவிட்டு, சற்று அகலமான பலகை ஒன்றை அவ்விடத்தில் வைத்துவிடுங்கள். இரைச்சல் தணிந்ததும், தாம் நிறுவிய இரண்டாவது வைரஸ் தடுப்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அவர் அறிவிப்பார். ஆம் என்று சொல்லிவிடுங்கள்.