பெட்டூனியா: பெரியம்மாவா, சித்தியா?

ஹாரி பாட்டரைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் எழுதிக் குவித்துவிட்டார்கள். மந்திரத்தைத் துருவினார்கள், இங்கிலாந்து விடுதிப் பள்ளி மரபைத் துருவினார்கள், லத்தீன் வேர்ச்சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. அடித்தளமான கேள்வி மட்டும், இந்த ஆய்வாளனின் கண்ணுக்கு எட்டியவரை, சீண்டுவாரற்றுக் கிடக்கிறது. பெற்றோரை இழந்த அந்தப் பையனை மாடிப்படிக்குக் கீழே அடைத்து வைத்தவள் அவனுக்குப் பெரியம்மாவா, சித்தியா? இது தெரியாமல் மேற்கொண்டு படம் பார்க்க இயலாது என்பது இத்துறையின் முன்னோடியான என் பாட்டியின் நிலைப்பாடு. நிலைப்பாட்டோடு நிற்காமல் படத்தையும் நிறுத்தச் சொன்னார்.

களம், மலேசியாவின் கோலசிலாங்கூரை அடுத்த புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டுக் கூடம். காலம், 2001 ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. முதல் ஹாரி பாட்டர் படம் நவம்பர் 16ஆம் நாள்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் திரைக்கு வந்தது. விடுமுறை முடிவதற்குள் எங்கள் பசார் மாலாம் இரவுச்சந்தையில் ஐந்து வெள்ளிக்கு விசிடியாகக் கிடைத்தது. எவ்வழி வந்தது என்பதை ஆய்வு அறம் கருதித் தவிர்க்கிறேன். படம் 152 நிமிடம். ஒரு விசிடியில் 74, மிஞ்சினால் 80 நிமிடம்தான் கொள்ளும். ஆகவே கழிவறைப் பூதம் மூக்கடைபட்டு விழுந்த கொஞ்ச நேரத்தில் படம் அறுந்து, தகடு மாற்றி, தே ஓ கலக்க வேண்டியதாயிற்று. இந்த ஆய்வின் உயர்தரத் தரவுகள் பலவும் அந்தத் தே ஓ வேளையில் கிடைத்தவை.

தரவாளிகள் நால்வர். பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி. செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்த அப்பா. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைந்து படத்தைத் தவணை முறையில் பார்த்த அம்மா. புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்து முடித்திருந்த தங்கை. நான் எஸ்பிஎம் தேர்வு எழுதிவிட்டு வேலைவெட்டி இல்லாமல் கிடந்தவன். ஆய்வாளனுக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

முதலில் தங்கையின் நோயைச் சொல்லிவிடலாம். புத்தகம் படித்தவர்களைத் தாக்கும் இந்நோயின் அறிகுறி, 'புத்தகத்துல இப்படி இல்ல' என்ற வாக்கியம் தானாக வாயில் வருவது. பீவ்ஸ் என்கிற சேட்டைப் பேயைப் படத்தில் சேர்க்காமல் விட்டதற்கு அவள் துக்கம் காத்தாள். "ஒரு பேய் கொறஞ்சா நல்லதுதானேடி" என்று அம்மா ஆறுதல் சொன்னதும் எடுபடவில்லை.

இனி, தலைமைச் சிக்கல். 'ஆன்ட்டி' என்ற ஒரே சாக்கில் பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி நால்வரையும் போட்டுக் கட்டிவிடுவது ஆங்கிலத்தின் வழக்கம். திரையின் கீழே ஓடிய மலாய் எழுத்தோ 'மாக் சிக்' என்று பட்டும் படாமலும் நழுவியது. மலாயில் மூத்தவளுக்கு மாக் லோங், கடைசிக்காரிக்கு மாக் சூ என்று கச்சிதமான சொற்கள் உண்டு; மொழிபெயர்த்தவர் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கிறார். பாட்டி நேரே புத்தகம் படித்தவளிடம் போனார்.

"அந்தப் புள்ளையோட ஆத்தாளுக்கு இவ என்னா வேணும்?"

"சிஸ்டர், பாட்டி."

"சிஸ்டரா? எந்த ஆஸ்பத்திரியில?"

"ஐயோ, கூடப் பொறந்தவ பாட்டி!"

"அக்காளா, தங்கச்சியா?"

தங்கை விழித்தாள். புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டினாள். சிஸ்டர் என்றுதான் இருந்தது. பாட்டி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், இதைக்கூடச் சொல்லாத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினோமா என்ற வினா இருந்தது.

சான்று இல்லாத இடத்தில் கருதுகோள் முளைக்கும். சித்திதான் என்பது பாட்டியின் கட்சி. பெரியம்மா என்றால் அம்மாவுக்கும் பெரிய அம்மா. சோறு போடாமல் இருப்பாளா? மேலும் சித்தி என்ற சொல் தமிழில் தங்கச்சிக்காரியையும் குறிக்கும், மாற்றாந்தாயையும் குறிக்கும். கொடுமைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பாய் விரித்துக் கிடக்கிறது. அம்மா மறுத்தார். 1999இல் தொடங்கிய 'சித்தி' தொடரில் ராதிகா பிள்ளையைத் தங்கமாகத் தாங்கவில்லையா? பாட்டி, அது நாடகம், இது படம் என்று அந்தச் சான்றைத் தள்ளுபடி செய்தார். அப்பா புறச்சான்றுக்குப் போனார்: பெட்டூனியாவின் புருஷன் வெர்னனின் தொந்தியைப் பார்த்தால் பெரியப்பா மாதிரிதான் தெரிகிறது. தொந்தி வயதைக் காட்டாது என்பதற்கு அப்பாவே நடமாடும் எதிர்ச்சான்று. வீட்டுக் கடைக்குட்டியான அவரை ஒரு படையே சித்தப்பா என்று கூப்பிடுகிறது.

உறவுமுறை போட்டதும் கதையின் நிறமே மாறியது. வெள்ளைக்காரனுக்கு, பெட்டூனியாவின் மகன் டட்லி வெறும் 'கசின்'. எங்கள் கூடத்தில் அவன் ஹாரிக்குச் சில வாரம் மூத்த அண்ணன் ஆகிவிட்டான். பிறந்தநாளுக்கு 36 பரிசு வந்தும் போன வருடம் 37 ஆயிற்றே என்று கத்துகிற அண்ணன். பக்கத்தில் பழைய சட்டையோடு நிற்கிற தம்பி. அம்மா அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்தார்.

ஆந்தை விவகாரம் அப்பாவின் துறை. கடிதம் கொண்டுவரும் ஆந்தையைக் கண்டதும் பாட்டி காலை மடக்கிக்கொண்டார். ஆந்தை எத்தனை தடவை அலறியது என்று எண்ணிப் பலன் சொல்கிற மரபில் வந்தவர் அவர். மலாய்க்காரர்களும் அதைப் பூரோங் ஹந்து, பேய்ப் பறவை, என்றுதான் சொல்கிறார்கள். அதை வீட்டுக்குள் விட்டு, பெயர் வைத்து, தோளில் ஏற்றுவதா? அப்பாவுக்கோ வேறு கவலை. ஆந்தை அவருக்குத் தோட்டத்து ஆள். செம்பனைக் குலையை எலி கடித்துத் தீர்க்கிறது. விஷம் வைத்து மாளாது. 1980களிலிருந்து மலேசியத் தோட்டங்களில் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி மாட்டி, கூகையைக் குடிவைக்கிறார்கள். அப்பா அப்படிப் பல பெட்டிகளை ஏணி போட்டு ஏற்றியவர். உள்ளே எட்டிப் பார்த்தால் இதய வடிவ வெள்ளை முகம் ஒன்று உஸ்ஸென்று சீறும். பெட்டிக்கடியில் எலி மயிரும் எலும்புமாக உருண்டைகள் கிடக்கும். அந்த உருண்டையைக் குச்சியால் உடைத்து மண்டையோட்டை எண்ணினால் எலிக் கணக்கு வந்துவிடும். படத்தில் இத்தனை ஆந்தை பறந்தும் தரையில் ஓர் உருண்டைகூட இல்லையே என்பதுதான் அப்பாவின் ஒரே விமர்சனம். "அதுங்களுக்கு யாரு சாப்பாடு போடறா?" என்று கேட்டார். ராத்திரி வேலைக்காரனைப் பகலில் தபால் போடச் சொல்வது தொழிலாளர் சட்டப்படி சரியா என்றும் கேட்டார்.

கிரிங்கோட்ஸ் வங்கிக் காட்சியில் ஒரு சந்தேகமும் எழவில்லை. பாதாளத்தில் குவிந்திருந்த தங்கக் காசைப் பார்த்ததும், "இபிஎஃப் காசு. அப்பனாத்தா பேரு போட்டு வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார் அப்பா. பாட்டி மெல்ல, "எனக்கெல்லாம் யாரு பேரு போட்டா" என்றார். நான் அதைத் துணைத்தரவு என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். பிழை.

மந்திரப் பள்ளியின் நான்கு இல்லங்கள் வந்தபோது விளக்கமே தேவைப்படவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை: எங்கள் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் இருந்த அதே நான்கு நிறம், அதே புள்ளிக் கணக்கு, அதே கடைசி நேர அழுகுணி ஆட்டம். விளக்குமாற்றின்மேல் ஏறிப் பறப்பதைப் பற்றிப் பாட்டி சொன்னதை அச்சிட முடியாது. தாண்டினாலே தரித்திரம் என்கிற பொருள் அது.

படத்தின் தலைப்பில் வரும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஃபிலாசஃபர்' என்றால் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏறாது என்று அங்கே தலைப்பையே 'சார்சரர்' என்று மாற்றி விற்றார்கள். செம்பைப் பொன்னாக்கும் கல், சாகாமல் வைத்திருக்கும் மருந்து என்று தங்கை சொல்லி வாய் மூடுவதற்குள் பாட்டி, "சித்தருங்க செய்யறது. போகர் பழனியில செஞ்சு வச்சிருக்காரே" என்று முடித்துவிட்டார்.

கூடமே வாயடைத்தது ஒரே இடத்தில். பெரிய மண்டபத்துக்குள், தலைக்குமேல் ஆயிரக்கணக்கில் மெழுகுவத்திகள் மிதந்த காட்சி. பாட்டிதான் மௌனத்தைக் கலைத்தார். சிலாங்கூர் ஆற்றோரம், கம்போங் குவாந்தான் பக்கம், பெரெம்பாங் மரம் மரமாக மின்மினி ஒரே தாளத்தில் அணைந்து எரியும். அந்தக் காலத்தில் லயத்துப் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், யாரும் டிக்கெட் கேட்டதில்லை என்றார். இப்போது அதே இடத்துக்குப் படகு, டிக்கெட், வெளியூர்க் கூட்டம். மெழுகுவத்தி சொட்டுமே, பிள்ளைகள் தலையில் விழாதா என்று அம்மா கேட்டார். ஆய்வு தொடர்ந்தது.

குறைபாட்டையும் சொல்லியாக வேண்டும். தலைமைத் தரவாளி நடுநிலையானவர் அல்லர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜப்பான்காரன் காலத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனபோது, பாட்டியின் அப்பாவும் போனார், திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போய்விட்டார். நாலைந்து வயதுப் பிள்ளையை லயத்தில் வைத்து வளர்த்தவர் பெரியம்மா. மரவள்ளிக்கிழங்கை அவித்து, தன் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு, இவருக்கு ஒன்றரைத் துண்டு வைத்த பெரியம்மா. முறையான ஆய்வில் இப்படிப்பட்ட தரவாளியை விலக்கியிருப்பார்கள். விலக்கினால் ரிமோட் எங்களுக்குக் கிடைக்காது.

விடை வர ஆறாண்டு ஆயிற்று. 2007 ஜூலை 21இல் ஏழாவது புத்தகம் வந்தது. தங்கை அதற்குள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கி, இரண்டே நாளில் முடித்து, பிற்பகுதியில் ஓரிடத்தில் விரலை வைத்தபடி பாட்டியிடம் ஓடினாள். சிறுமிகள் இருவரும் ஊஞ்சலாடும் இடம். மூத்தவள் பெட்டூனியா என்று ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது.

"பாட்டி, அவ அக்காதான். பெரியம்மாதான்!"

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தமக்குத் தெரியாத எழுத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இத எழுதுனது யாரு?"

"ஒரு லேடி, பாட்டி."

"அந்தம்மாவுக்கு அக்கா இருந்திருக்க மாட்டா."

சரிபார்ப்பது ஆய்வாளன் கடமை. ஜே.கே.ரௌலிங் வீட்டில் இரண்டு பெண்கள். அவர் மூத்தவர். ஒரே ஒரு தங்கை.