ஓரட்டை ஈரெண் இயல்: ஒரு முன்னாய்வு

கணினி ஒன்று, அதில் நெட்வொர்க் கார்டு ஒன்று, கார்டில் கேபிளும் ஒன்று. ஐ.பி. முகவரி மட்டும் இரண்டு. இந்நிகழ்வு குறித்து அறிஞரிடையே இரு மரபுகள் உண்டு. ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்பது ஒன்று, ‘கேபிளைப் பிடுங்கிச் சொருகுங்க’ என்பது மற்றொன்று. பின்னது உடலுழைப்பைச் சார்ந்தது என்பதால் இளையோரிடம் செல்வாக்கு இழந்து வருகிறது. இரு மரபினரும் திரையைப் படிப்பதில்லை. இவ்வாய்வு எழுந்த காரணம் அதுவே.

முகவரி இரண்டாக இருப்பது தன்னளவில் நோயன்று. ஐ.பி. ஆறாம் பதிப்பில் எஃப்.இ.80 என்று தொடங்கும் லிங்க்-லோக்கல் முகவரி ஒவ்வோர் இடைமுகத்துக்கும் கட்டாயம். வெளியுலகுக்கென்று இன்னொன்றும், அடையாளம் சிக்காமல் உலவ அடிக்கடி மாறும் தற்காலிக முகவரியும் அதோடு சேர்ந்துகொள்ளும். அங்கே ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே இங்கு ஆராயப்படுவது நான்காம் பதிப்பில் அழையாமல் வந்து அமரும் முகவரி.

அதிலும் 169.254 என்று தொடங்குவது தனி இனம். முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதில் வராதபோது கணினி தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பெயர் அது. விண்டோஸ் 98 முதலே இப்பழக்கம் உண்டு. 2005இல் அதற்கு முறையான விதியும் எழுதப்பட்டது.

லினக்ஸ் ஆய்வாளரைக் கருவியே ஏமாற்றும். பழைய ‘இஃப்கான்ஃபிக்’ கட்டளை, தனிப் பெயர்ச்சீட்டு இல்லாத இரண்டாம் முகவரியைக் காட்டாது. ‘ஐ.பி. அட்ரஸ்’ என்று தட்டினால்தான் குட்டு உடையும். உபுண்டு சர்வர் ஒன்றில் அப்படித் தட்டும்போது 192.168.1.10, 192.168.1.57 என இரண்டு வரிகள் வருவதாகக் கொள்வோம். முதலாவதன் ஆயுள் ‘ஃபாரெவர்’. இரண்டாவதன் ஓரத்தில் ‘செகண்டரி டைனமிக்’ என்ற குறிப்பு. ஆயுள் 86,212 வினாடி, அடுத்த முறை பார்க்கையில் இன்னும் குறைவு. தேய்ந்துகொண்டே போவது டி.எச்.சி.பி. வாடகைக்கு விட்டது, நிலைத்திருப்பது மனிதர் கைப்பட எழுதியது.

எழுதியவர் டி.எச்.சி.பி.யை நிறுத்தியதாகச் சத்தியம் செய்வார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பைக் கவனிக்கும் நெட்பிளான், தன் ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் பெயர் வரிசையில் படித்து ஒன்றாகக் கலக்கும். நிறுவும்போதே உருவான கோப்பின் பெயர் 50 என்று தொடங்கி, ‘டி.எச்.சி.பி. வேண்டும்’ என்கிறது. நம்மவர் 01 என்று தொடங்கும் புதுக் கோப்பில் நிலையான முகவரியைப் போட்டு ‘வேண்டாம்’ என்று எழுதுகிறார். முரண்பட்டால் பின்னால் வருபவர் சொல்லே செல்லும் என்பதால் 50 வெல்கிறது. முகவரிப் பட்டியல்களோ ஒன்றையொன்று அழிப்பதில்லை, கூடிக்கொண்டே போகின்றன. ஒரே குடும்பத்துக்கு இரண்டு தாலுகா அலுவலகங்கள் ரேஷன் அட்டை கொடுத்த கதை இது. புதுக் கோப்புக்கு 99 என்று பெயர் மாற்றினாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

முடிக்காமல் விட்டால் என்ன? பல நாள் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள், .10க்கு மட்டும் கதவு திறக்கும் டேட்டாபேஸ், .57 என்ற பெயரில் வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்பும். பிங் மட்டும் இரண்டு எண்ணுக்கும் பதில் சொல்லும். குழப்பத்தை வளர்த்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ‘ஐ.பி. ரூட் கெட்’ என்று டேட்டாபேஸின் எண்ணைச் சேர்த்துக் கேட்டால், சர்வர் எந்த முகவரியைச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறது என்பது ‘எஸ்ஆர்சி’க்கு அடுத்து வெளிப்படும்.

வேண்டாததைக் கையாலேயே நீக்கிவிடலாம் என்பாரும் உளர். லினக்ஸ் கர்னலின் இயல்பு நிலையில் முதல் முகவரியை அழித்தால், அதே சப்நெட்டில் உள்ள இரண்டாம் முகவரிகளும் உடன்கட்டை ஏறிவிடும். மூத்தவர் போனதும் இளையவரை அரியணை ஏற்றும் அமைப்பைச் சில வினியோகங்கள் தாமே இட்டுவைத்திருக்கின்றன. அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிப்பதே முறை, குறிப்பாகச் சர்வர் வேறு ஊரில் இருந்தால்.

நெட்பிளான் கோப்பைத் திருத்துவோருக்கு ‘நெட்பிளான் ட்ரை’ என்றொரு கட்டளை உண்டு. 120 வினாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். அந்த இடைவெளியில் டீ குடிக்கப் போனவர்கள், திரும்பி வந்து மறுபடியும் இரண்டு முகவரிகளைக் கண்டு பேயோட்டத் தொடங்குவது குறித்துத் தனியே கள ஆய்வு தேவைப்படுகிறது.