பாலருவிக்கு முக்கால் மணி நேரம்

பெறுநர்: ஒருநாள் அருவிச் சுற்றுலாவுக்கு அட்டவணை போடும் அலுவலகம், கிழக்கேகோட்டை வட்டாரம், திருவனந்தபுரம்.

பொருள்: அட்டவணைக்கு ஒத்துழைக்க அருவி மறுத்துவருவது தொடர்பாக.

ஒருநாள் அருவிச் சுற்றுலா என்பது விடியற்காலையில் கிழக்கேகோட்டையில் ஏறி, இரவில் அதே கிழக்கேகோட்டையில் ஈரத் துண்டோடு இறங்கும் பயணம். நடுவில் அருவி வரும். சில நாள் வராது. வராத நாளிலும் துண்டு ஈரமாகத்தான் திரும்புகிறது, அது வியர்வை.

பயணம் தொடங்கும் இடமே நேரத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் இடம். பத்மதீர்த்தக் குளக்கரையில் மேத்தன் மணி என்ற பொம்மைக் கடிகாரம் இருக்கிறது. மணிக்கு மணி தாடிக்காரர் வாயைத் திறப்பார், இரண்டு கிடாக்கள் இருபக்கமும் வந்து அவர் கன்னத்தில் முட்டும். அட்டவணை போடுகிறவர்கள் நிலையும், அதில் மாட்டிக்கொண்ட பயணிகள் நிலையும் அந்த ஒரு பொம்மையில் அடக்கம். கூப்பிடு தூரத்தில் பழவங்காடிப் பிள்ளையார். இந்திய ராணுவத்தின் பொறுப்பில் உள்ள கோயில் அது. சுற்றுலா வண்டி கிளம்புமுன் இங்கே தேங்காய் உடைபடும். ஏழு மணி வண்டிக்கு ஏழே முக்காலுக்குத் தேங்காய் உடைந்தால், தாமதம் பிள்ளையார் கணக்கில் சேரும், அலுவலகத்தின் கணக்கில் சேராது. நல்ல ஏற்பாடு.

பாலருவி கொல்லம் மாவட்டம் ஆரியங்காவில் இருக்கிறது. நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை என்று வழி. முதலில் மரச்சீனியும் வாழையும், பிறகு ரப்பர், அப்புறம் காடு. ரப்பர் முடிந்து காடு தொடங்கும் இடம் பார்க்கத் தகுந்தது. ஆனால் வழிகாட்டிக்கு மைக் கிடைப்பதும் சரியாக அங்கேதான். காட்டின் அமைதியைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் அமைதிக்கு இடமே இருப்பதில்லை.

அட்டவணையில் அருவிக்கு முன்னால் நிற்கும் இடங்கள் பல. குளத்துப்புழை சாஸ்தா கோயில் படித்துறை மீன்களுக்குத் ‘திருமக்கள்’ என்று பெயர். அவற்றைப் பிடிக்கக் கூடாது, பொரி போடலாம். தென்மலையில் கல்லடை ஆற்றின் அணை. அதைச் சுற்றியுள்ள காடு 1984-இல் அறிவிக்கப்பட்ட செந்துருணி வனவிலங்குச் சரணாலயம்; செங்குறிஞ்சி மரத்தின் பெயரால் அமைந்தது. அந்த மரத்தைக் காட்ட அட்டவணையில் நிமிடம் ஒதுக்கவில்லை. சிற்றுண்டிக் கடைக்கு அரை மணி உண்டு. அடுத்து, 1904-இல் திறந்த கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையின் பதின்மூன்று கண் பாலம். கருங்கல் தூண்களில் பதின்மூன்று வளைவுகள். ஒருவர் எண்ணுவதற்குள் வழிகாட்டி எண்ணிச் சொல்லிவிடுவதால் ஐந்து நிமிடம் மிச்சம். மிச்சமான நேரம் அருவிக்குப் போய்ச் சேர்ந்ததாக வரலாறு இல்லை.

ஆக, கதாநாயகி மேடைக்கு வரும்போது மதியம் தாண்டிவிடுகிறது.

பாலருவி சுமார் 300 அடி, அதாவது 91 மீட்டர் உயரத்திலிருந்து பாறைமேல் விழுகிறது. பால்போல் வெளுத்து இறங்குவதால் பாலருவி. இந்தப் பெயரைத் தமிழர்க்கும் மலையாளிக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வழிகாட்டி இரண்டு மொழியிலும் மொழிபெயர்க்கிறார். திருவிதாங்கூர் மன்னர்கள் இங்கே நீராட வந்ததுண்டு. கல் மண்டபமும் குதிரை லாயத்தின் இடிபாடும் இன்னும் நிற்கின்றன. குதிரையைக் கட்டிப்போட லாயம் கட்டியவர்கள் முக்கால் மணியில் திரும்பும் எண்ணத்தோடு வந்திருக்க மாட்டார்கள்.

இன்றைய பயணிக்குக் கிடைப்பது அந்த முக்கால் மணிதான். அதிலும் உள்ளே நடக்கப் பத்து நிமிடம், உடை மாற்ற வரிசை பத்து நிமிடம், குரங்கு கொண்டுபோன பையைக் கேட்டுக் கெஞ்ச ஐந்து, திரும்ப உடை மாற்றப் பத்து. எஞ்சும் பத்து நிமிடத்தில் தலையைக் கொடுக்க வேண்டும். தண்ணீர் முதுகில் விழும் சுகம் பிடிபடும் நேரம் பார்த்து விசில் ஒலிக்கும். அப்புறம் தலை எண்ணுவார்கள். ஒன்று குறையும். குறைகிறவர் எப்போதும் குடும்பத்தின் மூத்த மாமா. அவர் இன்னும் தண்ணீருக்கு அடியில் நிற்பார். அந்த வண்டியில் புத்தியுள்ள ஒரே ஆள் அவர்தான்.

அருவியில் தண்ணீர் விழுவதற்கு மேலே மழை பெய்ய வேண்டும். எளிய செய்திதான், அட்டவணைக்கு இன்னும் எட்டவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறி, குளிர்ந்து மழையாகிறது. ஆரியங்காவுக் கணவாயில் மலை சற்றுத் தாழ்ந்திருப்பதால் கொஞ்சம் காற்று கிழக்கே தாண்டிப் போகும். குற்றாலச் சாரல் அதுதான். மேற்கே விழும் பாலருவித் தண்ணீர் கல்லடை ஆற்றில் சேரும், கிழக்கே விழும் குற்றாலத் தண்ணீர் சிற்றாறாகித் தாமிரபரணிக்குப் போகும். திருவனந்தபுரம் சாலைத் தெருவின் தமிழ்க் குடும்பங்களில் ஜூன் பிறந்ததும் தென்காசிச் சொந்தங்களுக்குப் போன் போகும்: “சீசன் ஆரம்பிச்சாச்சா? தண்ணி விழுதா?” கேட்டுவிட்டுத்தான் துண்டை எடுப்பார்கள். செலவில்லாத இந்த ஆய்வு முறை அலுவலகத்தின் கவனத்துக்கு வராதது வியப்பு.

கோடையில் தண்ணீர் வற்றினால் பாலருவியை மூடுவார்கள். பெருமழையில் தண்ணீர் மிகுந்தாலும் மூடுவார்கள். இரண்டாவது மூடலைக் கேலி செய்ய முடியாது. அருவிக்குக் கீழே வெயிலடிக்கும்போதே மலைக்கு மேலே பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. வனத்துறை ஊழியர் கயிற்றைக் கட்டி நிற்கும்போது, “டிக்கெட் எடுத்திருக்கோம் சார்” என்று வாதாடுவது அறிவல்ல. கேலிக்குரியது, கயிறு கட்டியிருக்கும் செய்தி வண்டி அத்தனை தூரம் ஓடிய பிறகே தெரியவருவது.

வெளிநாட்டை எடுத்துக்காட்டினால் அலுவலகங்கள் சற்று நிமிர்ந்து உட்காரும் என்பதால் இகுவாசு. அர்ஜென்டினா–பிரேசில் எல்லையில், இரு நாடுகளின் தேசியப் பூங்காக்களுக்கு நடுவே, ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் அகலத்தில் சுமார் 275 அருவிகள். மிக உயர்ந்த ‘பேயின் தொண்டை’ 80 மீட்டர் சொச்சம். உயரக் கணக்கில் ஆரியங்காவு ஜெயிக்கிறது. விளம்பரத் தாளில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், தண்ணீரின் அளவை மட்டும் பக்கத்தில் போடாமல் இருந்தால் போதும். அர்ஜென்டினாப் பக்கம் காட்டுக்குள் சிறு ரயிலும் இரும்பு நடைபாதைகளும் உண்டு. சோற்றுப் பையைப் பறிக்க அங்கே குரங்குக்குப் பதில் கோவாட்டி என்ற விலங்கு. 2023 அக்டோபர் இறுதியில் வெள்ளம் பெருகியபோது அங்கும் நடைபாதையை மூடினார்கள். பேயின் தொண்டையும் அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை.

பெருமழையில் பாலருவி மூடிய நாளில் மாற்று ஏற்பாடு இல்லாமல் இல்லை. கிழக்கேகோட்டையும் தம்பானூரும் ஒரு நல்ல மழைக்கே நிரம்பிவிடும். ஓடைகளை மீட்க 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஆக்கிரமிப்புகளை இடித்துப் பார்த்தார்கள். மழைக்கு அந்தப் பெயர் மனப்பாடமாகவில்லை. முழங்கால் தண்ணீர், நுழைவுக் கட்டணம் இல்லை, விசில் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பேருந்து வரும்வரை நிற்கத்தான் வேண்டும். இதையும் ஒரு சுற்றுலாவாக அறிவித்தால் டீசல் மிச்சம்.

அது சரிப்படாது என்றால் அலுவலகம் செய்ய வேண்டியவை இரண்டே. பட்டியலில் இரண்டு இடங்களை வெட்டி, அந்த நேரத்தை அருவிக்குக் கொடுப்பது ஒன்று. பழவங்காடியில் தேங்காயை உடைக்குமுன் ஆரியங்காவு வன அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, “தண்ணி விழுதா?” என்று கேட்பது மற்றொன்று.