அகிம்சைக்காரன் வீட்டு அடிதடி

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. காந்தி ஜெயந்தியில இருந்து நீ அகிம்சைக்காரன் ஆயிட்டியாமே, சந்தோசம். கொசுவைக்கூட அடிக்காம பதவிசா ஓட்டி விடுத. அது ஒன்னை வாழ்த்திட்டு நேரா எங்கிட்டதான் வருது. போகட்டும். நேத்து ராத்திரி கருவாட்டுக் குழம்பைப் பாத்ததும் வட்டிலைத் தள்ளிவிட்டு, ஒங்கம்மாவைக் கொலைகாரின்னியே, அது என்னலே? கையில பிடிச்ச கரண்டியில குழம்பு சொட்டச் சொட்ட அப்படியே நின்னா அவ. செத்த நெத்திலிக்கு எரக்கம் காட்டுத, உசுரோட இருக்கவளை அழ வைக்குத.

ஒங்க காந்தியையே எடுத்துக்க. பாலே தொடமாட்டேன்னு சபதம் போட்ட மனுசன். 1918-ல வயித்துக்கடுப்பு வந்து எலும்புந்தோலுமா ஆயிட்டாரு. நீங்க ஒதுக்குனது பசும்பாலும் எருமைப்பாலுந்தானே, ஆட்டுப்பாலுக்கு என்னன்னு மடக்குனா அவரு பொஞ்சாதி கஸ்தூரிபா. பொம்பளை மூளையைப் பாத்தியா! அவரும் குடிச்சாரு. சபதத்தோட எழுத்தைத்தான் காப்பாத்துனேன், உசுரை விட்டுட்டேன்னு சுயசரிதையில எழுதியும் வச்சாரு. ஆட்டையும் விடலை, வருத்தத்தையும் விடலை.

1928-ல இன்னொரு கூத்து. காந்தியோட ஆசிரமத்துல ஒரு கன்னுக்குட்டி பொழைக்க வழியில்லாம, பொரண்டு படுக்கக்கூட முடியாமத் துடிச்சது. டாக்டரை வச்சு ஊசி போட்டு அதோட உசுரை முடிச்சாரு. வந்துச்சு பாரு கடுதாசி! அகிம்சைப் பேரைச் சொல்லியே கிழவனை அந்த வசவு வஞ்சிருக்கானுவ. ஒனக்குச் சொந்தக்காரனுவளா இருக்கும். அவரு பத்திரிகையில பொறுமையாப் பதில் எழுதிக்கிட்டிருந்தாரு.

அதனால நாளைக்கே மகாத்மா ஆகணும்னு நிக்காத. குழம்பு வேண்டாம்னா, "எனக்கு மோர் போதும்மா"ன்னு சொல்லு, அவளே ஊத்துவா. வரப்புத் தகராறுல மொகத்தைத் திருப்பிக்கிட்ட ஒஞ் சித்தப்பனுக்கு ஒரு வணக்கம் வையி. அவன் பதிலுக்கு வைக்கலைன்னா விட்டுரு, நீ என்ன வட்டிக்கடையா நடத்துத? எடையில கோவம் வரும், ஒருநாள் அவனை வஞ்சும் போடுவ. ஒன்னைத் தெரியாதா எனக்கு! வஞ்சா மறுநாளும் போயி வணக்கம் வையி. நாக்கு ரொம்பத் துறுதுறுன்னா, ஒரு வெத்திலையை மடிச்சு வாயில தள்ளிக்க. ஒங்க ஆச்சியோட நான் குடும்பம் நடத்துனதே அப்படித்தான். பல்லெல்லாம் காவியேறிக் கெடக்கு, பாரு.